உங்கள் சிபியுவுக்கென்றே தனி கெர்னல்: ஸென், ஸான்மாட், கேச்சிஓஎஸ், சொந்த பில்ட்... எது தேறும்?

லினக்ஸில் கொஞ்ச காலம் புழங்கியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். உபுண்டுவோ டெபியனோ தரும் கெர்னல், அதாவது ஹார்டுவேரையும் புரோகிராம்களையும் இணைக்கும் மையப் பகுதி, ஊருக்கெல்லாம் பொதுவானது. நம்ம ரைசனுக்கென்றோ கோர் ஐ7-க்கென்றோ தனியாக ஒன்று போட்டால் இன்னும் வேகமாக ஓடாதா? இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் மாதிரியான லினக்ஸ் தொகுப்பு) தருவதையே வைத்துக்கொள்ளலாம். ஸென், லிக்கோரிக்ஸ், ஸான்மாட், கேச்சிஓஎஸ் என்று யாரோ டியூன் செய்து வைத்திருப்பதை எடுத்துப் போடலாம். அல்லது சோர்ஸை இறக்கி நாமே கம்பைல் செய்யலாம்.

என் கட்சி எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ப்ராசஸருக்கென்றே" என்ற லேபிளைப் பார்த்து மாறாதீர்கள். மாறுவதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு.

அந்த லேபிளின் பின்னணி இதுதான். 2020-ல் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹேட், சூசே எல்லாம் சேர்ந்து 64-பிட் எக்ஸ்86 சிபியுக்களை வி1 முதல் வி4 வரை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். வி1 என்பது முதல் தலைமுறை 64-பிட் சிப்பிலும் ஓடும். வி2-வுக்கு எஸ்எஸ்இ4.2 என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பு வேண்டும். வி3-க்கு பல எண்களை ஒரே அடியில் கையாளும் ஏவிஎக்ஸ்2, பிட்களைக் கையாளும் பிஎம்ஐ எல்லாம் வேண்டும். இன்டெலில் 2013-ல் வந்த ஹாஸ்வெல் தொடங்கி இவை உண்டு. வி4 என்றால் ஏவிஎக்ஸ்-512. ரெட் ஹேட் 9 வி2-வையும், ரெட் ஹேட் 10 வி3-யையும் கட்டாயமாக்கிவிட்டன. டெபியன் இன்னும் வி1-லேயே நிற்கிறது. ஆகவே "உன் சிபியுவில் இருக்கும் பாதி வசதியை டெபியன் தொடுவதே இல்லை" என்ற வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் கெர்னல் சோர்ஸில் எக்ஸ்86 ஃபோல்டருக்குள் இருக்கும் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். எஸ்எஸ்இ வேண்டாம், எம்எம்எக்ஸ் வேண்டாம், ஏவிஎக்ஸ் வேண்டாம் என்று கம்பைலருக்கு வரிசையாக உத்தரவு போட்டிருப்பார்கள். காரணம் எளிது. இந்தக் கட்டளைகள் சிபியுவுக்குள் இருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற பெரிய சேமிப்பிடங்களைப் பயன்படுத்துகின்றன. கெர்னல் தன் விருப்பத்துக்கு அவற்றைத் தொட்டால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் கணக்கு கெட்டுப்போகும். கெடாமல் இருக்க ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் ஒவ்வொரு முறையும்) அவற்றைச் சேமித்து மீட்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். எனவே நீங்கள் வி3 என்று கேட்டாலும், அதன் முக்கியமான சரக்கான ஏவிஎக்ஸ்2 கெர்னலின் பொதுக் கோடுக்குள் வரவே வராது. பிஎம்ஐ மாதிரி சில சில்லறைகள் வரும், அவ்வளவுதான். வி4 கேட்டாலும் கதை மாறாது.

நிஜமாகவே ஏவிஎக்ஸ் பயன்படும் இடங்களில் சாதாரண கெர்னலே அதைத் தானாகத் தேர்ந்தெடுக்கும். கெர்னல் எழுதிவைக்கும் டிஎம்இசேஜ் பதிவைப் புரட்டினால், பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு6 பற்றிய வரிகள் கண்ணில் படலாம்: எஸ்எஸ்இ2, ஏவிஎக்ஸ்2 என்று ஒவ்வொன்றையும் அங்கேயே ஓட்டிப் பார்த்து, வேகமானதை எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கும். சிபியுவில் என்கிரிப்ஷனுக்கான ஏஇஎஸ்-என்ஐ கட்டளைகள் இருந்தால் அதுவும் தானாக வரும். மெமரி காப்பி செய்யும் ஃபங்ஷன்களைக்கூட பூட் ஆகும்போதே சிபியுவைப் பார்த்து மாற்றி ஒட்டிக்கொள்கிறது. டெபியனின் "பொது" கெர்னல் நாம் நினைக்கும் அளவுக்குப் பொது அல்ல.

அப்படியானால் ஸென் போட்டவர்கள் "டெஸ்க்டாப் வழுக்கிக்கொண்டு போகிறது" என்பது பொய்யா? பொய்யில்லை. ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவின் ரெப்பாசிட்டரியில் இருக்கும் ஸென் கெர்னலும் வி1-க்குத்தான் கம்பைல் செய்யப்படுகிறது. அங்கே சிபியுவுக்கென்று எதுவுமே இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. டெபியன் நெடுநாள் வைத்திருந்த கெர்னல் டைமர் 250 ஹெர்ட்ஸ், அதாவது 4 மில்லி செகண்டுக்கு ஒரு துடிப்பு. ஸென்னில் 1000, அதாவது 1 மில்லி செகண்ட். கூடவே முழு ப்ரீஎம்ப்ஷன்: கெர்னலுக்குள் ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தாலும் அவசரமானது வந்தால் இடம் விட வேண்டும். பின்னணியில் பெரிய கம்பைல் ஓடும்போதும் மவுஸ் திக்காமல் நகர்வது இதனால்தான். வீடியோ என்கோட் முடியும் நேரம் இதனால் குறையாது. சற்றே கூடவும் செய்யலாம். கை உணர்வது தாமதத்தை, வேலையின் மொத்த நேரத்தை அல்ல. இதை ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து நிபுணராக இருந்துகொண்டே கெர்னல் பேட்ச் எழுதிய கான் கோலிவாஸ் பல ஆண்டுகள் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லிக்கோரிக்ஸ் என்பது ஸென்னையே டெபியன், உபுண்டுகாரர்களுக்கும் சுலபமாகக் கொண்டுபோகும் வழி. அதற்கு மேல் அதைப் பற்றி விவரிக்க ஒன்றுமில்லை.

ஸான்மாட் அந்த லேபிளை நேரடியாகவே ஒட்டி வருகிறது: வி1, வி2, வி3 என்று தனித்தனி பேக்கேஜ்கள். என் கணக்கில் அதன் உண்மையான பலம் அந்த எண் அல்ல, நெட்வொர்க் நெரிசலைச் சமாளிக்கும் பிபிஆர்3 போன்ற பேட்சுகளும், நீண்டகால ஆதரவு உள்ள எல்டிஎஸ் கிளையும்தான். தவறான எண்ணை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். பட்ஜெட் லேப்டாப்களில் வந்த பென்டியம், செலரான் சிப்புகள் பலவற்றில் ஏவிஎக்ஸே கிடையாது, வருஷம் 2013-க்குப் பிந்தையதாக இருந்தாலும். அதில் வி3 போட்டால் எரர் மெசேஜ்கூட வராமல் கறுப்புத் திரையோடு நிற்கும்.

கேச்சிஓஎஸ்தான் இந்தப் பட்டியலில் சுவாரசியமானது. அவர்கள் கெர்னலை மட்டுமல்ல, பேக்கேஜ்களையும் வி3, வி4, ஏஎம்டியின் ஸென் 4 (ஸென் கெர்னல் அல்ல, ப்ராசஸர் வரிசை) சிப்புகளுக்கென்று தனித்தனியாகக் கம்பைல் செய்து தருகிறார்கள். ஏவிஎக்ஸ்2 வேலை செய்யும் இடம் அந்த யூசர் புரோகிராம்கள்தான்: கம்ப்ரஷன், கணக்கீடு, படம் சார்ந்த வேலைகள். கெர்னலிலும் வி3, வி4 என்ற கம்பைலர் ஃபிளாகோடு நிற்காமல், நிஜ ஓட்டத்தின் புரொஃபைலை வைத்து மறுபடி கம்பைல் செய்யும் ஆட்டோஎஃப்டிஓவைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கான வசதி அதிகாரபூர்வ கெர்னலுக்குள் வந்தது 6.13-ல். டியூனிங் என்று மரியாதையாகச் சொல்லத்தக்கது இதுதான். ஆனால் ஆர்ச் வழி இயங்குதளம். அப்டேட் செய்யும் பழக்கம் இல்லாதவர்கள் பக்கத்தில் போக வேண்டாம்.

சொந்த பில்ட்? கெர்னல் 6.16 முதல் "இந்த சிபியுவுக்கே கம்பைல் செய்" என்ற தேர்வு அதன் கான்ஃபிக் மெனுவிலேயே வந்துவிட்டது. அதற்கு முன் பல காலம் 64-பிட்டில் அந்தப் பட்டியல் 2006-ன் கோர் 2-வோடும், ஆட்டமோடும் நின்றுபோயிருந்தது, அதனால் வெளியிலிருந்து பேட்ச் ஒட்ட வேண்டியிருந்தது. டிஸ்ட்ரோவின் கான்ஃபிகை (எதையெல்லாம் கம்பைல் செய்ய வேண்டும் என்ற பட்டியலை) அப்படியே வைத்தால் பழைய லேப்டாப் மணிக்கணக்கில் சூடாகும். லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற குறுக்கு வழி, அந்த நேரத்தில் லோடாகியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் மாதிரியான கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். அதனால் அதை ஓட்டும் முன் பிரின்டர், யுஎஸ்பி ஹெட்செட், மொபைல் டெதரிங், பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள். செருகாதது அடுத்த பூட்டில் இருக்காது.

பெரிய செலவு அதற்குப் பிறகுதான் வரும். 2022 மார்ச்சில் டர்ட்டி பைப் என்ற கெர்னல் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, டிஸ்ட்ரோ கெர்னல் வைத்திருந்தவர் அப்டேட் கொடுத்து ரீபூட் செய்தார், வேலை முடிந்தது. சொந்தமாகக் கம்பைல் செய்தவர் முதலில் அந்தச் செய்தியே கண்ணில் பட்டிருக்க வேண்டும், பிறகு 5.16.11-க்கோ 5.15.25-க்கோ சோர்ஸ் இறக்கி மறுபடி உட்கார வேண்டும். செக்யூர் பூட் போட்ட மெஷினில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கெர்னல், பூட்டின் தொடக்கத்தில் அதைச் சரிபார்க்கும் ஷிம்மிலேயே நின்றுவிடும், நாமே சாவி உருவாக்கிப் பதிய வேண்டும். என்விடியா டிரைவர், பழைய பிராட்காம் வைஃபை இவற்றின் மாட்யூல் புதிய கெர்னலுக்குக் கம்பைல் ஆக மறுத்தால் அன்றைய பொழுது அதோடு போச்சு. இந்த இரண்டும் ஸான்மாட் போடுபவர்களுக்கும் பொருந்தும்.

இன்னொன்று, தனிக் கெர்னல்களின் கவர்ச்சிகள் ஒவ்வொன்றாக அதிகாரபூர்வ கெர்னலுக்குள் வந்துகொண்டேயிருக்கின்றன. மெமரி நெருக்கடியைச் சமாளிக்கும் எம்ஜிஎல்ஆர்யூ 6.1-ல் வந்தது. விண்டோஸ் கேம்களுக்கான என்டிசிங்க் 6.14-ல். உபுண்டு 24.10-லிருந்து டைமரும் 1000 ஹெர்ட்ஸ் ஆகிவிட்டது. முழு ப்ரீஎம்ப்ஷன் வேண்டுமா? டெபியன் 12, உபுண்டு 24.04 கெர்னல்களில் பூட் லோடரான கிரப்பில் "ப்ரீஎம்ப்ட்=ஃபுல்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், கம்பைலே வேண்டாம்.

கிளவுட் சர்வர், ஆபீஸ் மெஷின், அம்மாவின் லேப்டாப் எல்லாவற்றுக்கும் டிஸ்ட்ரோ கெர்னல், யோசிக்கவே வேண்டாம். கேம், ஆடியோ ரெக்கார்டிங் என்று திக்கல் உறுத்துகிறதா? முதலில் அந்தக் கிரப் வார்த்தை; போதாவிட்டால் ஆர்ச்சில் ஸென், டெபியனில் லிக்கோரிக்ஸ், பழைய கெர்னலை அழிக்காமல். புது மெஷினில் புதிதாகவே இன்ஸ்டால் செய்யப்போகிறீர்கள் என்றால் கேச்சிஓஎஸ். சொந்த பில்ட் படிப்பதற்கும், ரேம் போதாத குட்டிப் பெட்டிகளுக்கும். உங்கள் கெர்னல் 6.12 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது: எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரை ஓடும்போதே மாற்ற விடும் ஷெட்எக்ஸ்ட். கான்ஃபிகில் அது இயக்கப்பட்டிருந்தால், இகாலியா நிறுவனம் ஸ்டீம் டெக்கை மனதில் வைத்து எழுதிய லாவ்டி மாதிரியான ஷெட்யூலரை, கெர்னலை மாற்றாமல், ரீபூட்கூட இல்லாமல் ஏற்றிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா, கன்ட்ரோல்-சி.