கொலைகாரனை மறைப்பதா, காட்டிவிடுவதா?

த்ரில்லர் எடுப்பவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு இதுதான்.

மறைக்கும் வழிக்கு 'அந்த நாள்' (1954). எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது, அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல். சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். அப்புறம் விசாரணை. ஒவ்வொருவர் சொல்லும்போதும் சந்தேகம் வேறொருவர் மேல் தாவுகிறது. நமக்கும் போலீசுக்கும் தெரிந்தது ஒரே அளவு. சிக்கல் என்னவென்றால், யாராவது முடிவைச் சொல்லிவிட்டால் பாதி சுவை போச்சு.

'சிகப்பு ரோஜாக்கள்' (1978) நேரெதிர். கமல்தான் கொலைகாரன் என்பதை பாரதிராஜா ஒளித்து வைப்பதில்லை. ஸ்ரீதேவிக்குத்தான் தெரியாது. அவர் நம்பிக் காதலித்து, கல்யாணம் செய்து, அந்த வீட்டுக்குள் நுழையும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. 'யார்?' என்ற கேள்வி போய், 'எப்போது தெரிந்துகொள்வாள், தப்பிப்பாளா?' என்பது வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாதாரணமாகக் கதவைத் திறப்பதுகூட பயமுறுத்தும். இளையராஜாவின் இசை வேறு சும்மா விடாது.

எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். மறுபடி பார்த்தாலும் பதற்றம் குறைவதில்லை. ஆனால் வில்லனாக நடிப்பவர் சோடை போனால் படமே படுத்துவிடும். மறைக்கும் வழியில் அந்த ஆபத்து கொஞ்சம் குறைவு, திரைக்கதை தாங்கிக்கொள்ளும்.