மதர்போர்டை மாற்றினால் உரிமம் போய்விடுமா? மூன்று கணினியில் ஒரு போட்டோ எடிட்டிங் மென்பொருள்

இந்த மென்பொருளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உட்கார்ந்து எழுதக் காரணம் இரண்டு. ஸ்டுடியோ கணினியின் மதர்போர்டு போய், சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்ற வேண்டி வந்தது. அது முடிந்த கையோடு, அப்கிரேடு விலையைக் குறைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, கொளத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன் செய்து, "அண்ணே, ஆஃபர் போட்டிருக்கான், வாங்கிடலாமா?" என்று கேட்டார். ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பெரம்பூரில் ஸ்டுடியோ. முக்கால்வாசி கல்யாண வேலை, மீதி சீமந்தம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். மென்பொருளின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. வெளிநாட்டு நிறுவனம், ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த மூலப் படத்தை, திறந்து கலர் பார்க்கிற ரகம், ஒரு முறை பணம் கட்டினால் அந்தப் பதிப்பு நமக்கு, மூன்று கணினி வரை போட்டுக்கொள்ளலாம். தொழிலில் இருப்பவர்களுக்கு இது போதும். எந்தக் கேமராவுக்கு ஆதரவு உண்டு, என்னென்ன கருவி இருக்கிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் இதற்கு வந்ததே சந்தா பிடிக்காமல்தான். போட்டோஷாப் அடங்கிய கிரியேட்டிவ் சூட் தொகுப்புக்கு இனி புதுப் பதிப்பு வராது, எல்லாம் சந்தாதான் என்று அடோபி 2013 இல் அறிவித்தது. அவர்களுடைய போட்டோ மென்பொருளான லைட்ரூமில், தனியாக விலைக்கு வாங்க முடிந்த கடைசிப் பதிப்பு 2015 இல் வந்த ஆறாவது. எங்கள் தொழிலில் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் கடை வாடகையைப் புரட்டுவதே பெரும்பாடு, சந்தா மட்டும் நிற்காமல் ஓடும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தபோது, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பது பலருக்கு அப்படியே நின்றுபோனதையும் பார்த்தேன். கையில் காசு இருக்கும்போது மொத்தமாகக் கட்டிவிட்டு நிம்மதியாக வேலை பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

வேலையைப் பொறுத்தவரை இது என்னை ஏமாற்றியதே இல்லை. கல்யாண மேடையின் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று படம் எடுப்பவர்களுக்குத் தெரியும். பின்னால் ஊதா எல்.இ.டி., எதிரே வீடியோக்காரரின் வெள்ளை லைட், கீழே ஹோமத் தீ, எல்லாம் ஒரே முகத்தில் வந்து விழும். அந்த முகத்தில் மஞ்சளும் பூசியிருக்கும். வேறு சில மென்பொருளில் நம் மாநிறம் ஒன்று ஆரஞ்சாகிவிடும், இல்லையென்றால் சாம்பல் பூத்துவிடும். இதில் கன்னத்தில் ஒரு கிளிக் செய்து, அந்த நிறத்தை மட்டும் பிடித்துச் சீராக்கலாம். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும், தோலும் தோலாக இருக்கும். அரக்குக் கூரைப்புடவை இன்னொரு சோதனை. சிவப்பு எகிறிப்போய், மடிப்பும் ஜரிகையும் கரைந்து, புடவையே ஒரு சிவப்புத் திட்டாக நிற்கும். இதில் மடிப்பு மடிப்பாக, ஜரிகையின் நூல்வரை தெரியும். வியாசர்பாடியிலிருந்து ஆல்பம் வாங்க வந்த ஒரு அம்மா, பக்கத்தைத் தடவிக்கொண்டே, "என் பொண்ணு கலரு அப்படியே இருக்குப்பா, வெள்ளையடிக்காம கொடுத்திருக்கே" என்று சொன்னார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அதில் பாதி இந்த மென்பொருளுக்குச் சேர வேண்டியது.

புதுப் பதிப்பில் வந்திருக்கும் ஏ.ஐ. நாய்ஸ் நீக்கமும், அதாவது படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குவதும், அருமை. விடியற்காலை முகூர்த்தத்தில், வெளிச்சம் போதாமல் கேமராவின் உணர்திறனை 6400 ஐ.எஸ்.ஓ.வுக்கு ஏற்றி எடுத்த படங்களில், முன்பு மணல் தூவியது போல இருந்த நிழல் பகுதிகள் இப்போது சுத்தமாக வருகின்றன. தலைமுடியும் கண்ணிமையும் பிளாஸ்டிக் ஆகாமல் தப்பிக்கின்றன.

இவ்வளவு நல்ல பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, அதைத் திறக்கிற சாவியை இப்படியா வைப்பார்கள்?

போன கார்த்திகையில் நல்ல மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் ஸ்டுடியோ மெஷினின் மதர்போர்டு போய்விட்டது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எங்களுக்குப் பழக்கமான சர்வீஸ்காரர், பழைய பிராசஸரும் ராமும் டிஸ்க்கும் அப்படியே உட்காரும்படி ஒரு போர்டு தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தார். விண்டோஸ் திறந்தது. போர்டு மாறியதைப் பார்த்து அதுவும் ஆக்டிவேஷன் கேட்டது, அதாவது உரிமத்தை மறுபடி உறுதிப்படுத்தச் சொன்னது. ஆனால் கடையில் தனியாக விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தும் வைத்திருந்தேன். சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்று சொல்வதற்கே அதில் ஒரு வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்ததும் வேலை முடிந்தது.

அப்புறம் போட்டோ மென்பொருளைத் திறந்தேன். சாம்பல் கட்டத்துக்குள் சிவப்பு எழுத்தில், அனுமதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று வந்தது. அதே கேபினட், அதே டிஸ்க், அதே மேசை. உள்ளே ஒரு போர்டு மாறியதால் அதற்கு இது நான்காவது கணினி. இப்படிப்பட்ட மென்பொருட்கள் மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு இவற்றின் எண்களைச் சேர்த்து ஓர் அடையாளம் உண்டாக்கி வைத்துக்கொள்ளும். போர்டு போனால் அந்த அடையாளமும் போயிற்று. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் டீஆக்டிவேட் செய்யுங்கள், அதாவது அந்தக் கணினியை உரிமத்திலிருந்து விடுவியுங்கள் என்று அவர்களுடைய உதவிப் பக்கம் சொல்கிறது. உயிரே இல்லாத மெஷினை எப்படித் திறந்து டீஆக்டிவேட் செய்வது? அதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

சரி, இணையத்தில் கணக்குப் பக்கத்துக்குப் போய்ப் பழைய கணினியை நீக்கலாம் என்று பார்த்தேன். விண்டோஸ் தானாக வைக்கும் பெயரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், டெஸ்க்டாப் என்று தொடங்கி ஒரு கோடு போட்டு, பின்னால் அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும். வீட்டு கணினிக்கும் அப்படி ஒரு பெயர், அசிஸ்டன்ட் தம்பி வேலை பார்க்கும் கணினிக்கும் அப்படி ஒரு பெயர், ஸ்டுடியோ மெஷினுக்கும் அப்படியே. எது எது என்று தேதியை வைத்து ஊகித்து நீக்கப் போனால், இந்த ஆண்டுக்கு நீக்க அனுமதித்த எண்ணிக்கை தீர்ந்தது என்கிறது. அதே ஆண்டில் வீட்டில் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியபோது ஒன்றை நீக்கியிருந்தேன். அதோடு கணக்கு முடிந்ததாம். மூன்று கணினி உரிமத்துக்கு ஆண்டில் ஒரு மாற்றம் என்றால், அது மூன்று கணினிக்கு உள்ள உரிமமே இல்லை என்பேன். சென்னையில் மழைக்காலத்துக்கு ஒரு போர்டு போவதெல்லாம் அதிசயமா?

உதவிக்கு எழுதினேன். வாங்கிய பில் கேட்டார்கள், கொடுத்தேன். ஸ்கிரீன்ஷாட் கேட்டார்கள், கொடுத்தேன். பழைய போர்டு பழுதானதற்கு ஆதாரம் கேட்டார்கள். ரிச்சி ஸ்ட்ரீட் பில்லை படம் எடுத்து அனுப்பினேன். நடுவில் அவர்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை வந்துவிட்டது. எங்களுக்கு அந்த ஞாயிறு முகூர்த்தம், முந்தின வாரக் கல்யாணத்தின் ஆல்பமும் பாக்கி. பெண் வீட்டார் போன் மேல் போன். கடைசியில் பதில் எழுதியவர் நல்ல மனிதர். மரியாதையாக வருத்தம் தெரிவித்து, எல்லா ஆக்டிவேஷனையும் ஒரேயடியாக அழித்துக் கொடுத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் செய்த அந்த ஒரு வேலையை, பணம் கட்டிய நான் என் கணக்கிலிருந்தே செய்ய முடியாமல் வைத்திருப்பதுதான் என் கோபம்.

உடனே அப்கிரேடும் போட்டுவிட்டேன், ஏனென்றால் எப்படியும் மூன்றிலும் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மூன்று கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றில் மட்டும் ஏற்றிப் பார்ப்போம் என்று தொடங்க முடியாது. படங்களின் பட்டியலையும் நாம் செய்த திருத்தங்களையும் சேர்த்து வைக்கும் ஃபைலுக்குக் கேட்டலாக் என்று பெயர். புதுப் பதிப்பு அதைத் திறந்த மாத்திரத்தில் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும், அதன் பிறகு பழைய பதிப்பு அதைத் தொடாது. ஸ்டுடியோவில் பாதி செய்த கல்யாணத்தை ஹார்டு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அங்கே திறக்காது. கலர் கணக்கிடும் முறையும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. பழைய படங்கள் பழைய கணக்கிலேயே நிற்கும், புதிதாகச் சேர்ப்பவை புதுக் கணக்கில் போகும். ஒரே கரிஷ்மா ஆல்பத்தில் (பக்கத்திலேயே படத்தை அச்சடிக்கும் ரகம்) எதிரெதிர்ப் பக்கத்தில் வரும் இரண்டு படத்தில் புடவைச் சிவப்பு லேசாக வேறுபடுவதைப் பிரிண்ட் வந்த பிறகு பார்த்தால் வயிறு எரியும். கையில் இருக்கும் ஆர்டரை முடித்துவிட்டு, கேட்டலாக்கை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, மூன்றிலும் ஒரே நாளில் ஏற்றுவதுதான் வழி.

அந்த நாய்ஸ் நீக்கமும் கிராபிக்ஸ் கார்டை நம்பித்தான் ஓடுகிறது. வீட்டு லேப்டாப்பில் சில நொடியில் முடிகிற படம், அசிஸ்டன்ட் தம்பியின் பழைய மெஷினில் பல நிமிடம் இழுக்கிறது. விண்டோஸ் 10 க்கு 2025 அக்டோபர் 14 உடன் ஆதரவு முடிந்தது. அந்த மெஷினின் பிராசஸர் விண்டோஸ் 11 கேட்கிற தலைமுறைக்கு முந்தியது. ஆக, அப்கிரேடு விலையோடு ஒரு கணினி விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அவர்கள் பக்க நியாயமும் எனக்குப் புரிகிறது. காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த கிராக் பதிப்பு பென் டிரைவில் கைமாறிக்கொண்டிருப்பது நம் ஊரில் ஊரறிந்த விஷயம். மூன்று கணினி உரிமத்தை முப்பது கணினியில் போடுகிறவர்களும் உண்டு. ஒரு வரம்பு வைக்காமல் அவர்கள் பிழைக்க முடியாது. ஆனால் கிராக் போட்டவருக்குப் போர்டு மாறினால் ஒன்றும் ஆவதில்லை, பில்லோடு வாங்கியவன்தான் ஆதாரம் காட்டிக்கொண்டு நிற்கிறான். அந்த வரம்பை இதைவிட நன்றாகவும் வைக்கலாம். சந்தா பிடிக்காத நானே சொல்கிறேன், அடோபியில் இரண்டு கணினிதான், ஆனால் மூன்றாவதில் உள்ளே போனால் மற்றவற்றில் ஒன்றை வெளியேற்றச் சொல்லி அங்கேயே கேட்டுவிடும். செத்த மெஷினையும் அப்படியே கழற்றிவிடலாம். 2005 இல் வந்த சி.எஸ்.2, அதாவது கிரியேட்டிவ் சூட்டின் இரண்டாம் பதிப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோதும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் கேட்காத இன்ஸ்டாலரை 2013 தொடக்கத்தில் கொடுத்தார்கள். இந்த நிறுவனம் நாளைக்கு சர்வரை மூடினால், நான் சொந்தமாக வாங்கியதாக நினைக்கும் பதிப்பு அடுத்த போர்டு மாறும் வரைதான். அதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

கொளத்தூர் தம்பிக்கு என் தீர்ப்பு: வாங்காதே. இதைவிட நன்றாக நம் தோல் நிறத்தைக் காட்டும் மென்பொருளை நான் பார்த்ததில்லை, நானே தினமும் இதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இருந்தாலும் இந்த ஆஃபருக்கு வாங்காதே. பழைய பதிப்பு உன்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் செய்த ஆல்பத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்ற விதியை அவர்கள் எடுக்கும் வரை என் கையிலிருந்தும் அடுத்த அப்கிரேடுக்குக் காசு போகாது. அசிஸ்டன்ட் தம்பியின் பழைய மெஷினில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றி, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் என்ற ரா ஃபைல் மென்பொருளைப் போட்டுவிட்டேன். படம் பொறுக்குவதும் பாஸ்போர்ட் சைஸும் அதில் ஓடுகின்றன. கலர் இதன் அளவுக்கு வரவில்லை, ஆனால் எத்தனை போர்டு மாற்றினாலும் அது ஒன்றும் கேட்காது.

ஏற்கெனவே அப்கிரேடு போட்டவர்கள் இரண்டு வேலையை இன்றே செய்துவிடுங்கள். இன்ஸ்டாலர் ஃபைலை உங்கள் டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள், பழைய பதிப்புகளை அவர்கள் தளத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஒவ்வொரு கணினிக்கும் ஸ்டுடியோ, வீடு என்று புரிகிற பெயர் வையுங்கள். ஆக்டிவேட் செய்த பிறகு வைத்தால் கணக்குப் பக்கத்தில் பழைய பெயர்தான் நிற்கிறது, அதனால் முதலில் பெயர், பிறகு ஆக்டிவேஷன்.