பௌதிகமும் நாவலும் ஒரே இறாக்கையில்: கிளிநொச்சியில் ஒரு பழைய புத்தகக் கடை

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது இந்தக் கடை. முன்பக்கம் முழுக்க உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள். அவற்றைத் தாண்டிக் கடைசி இறாக்கைக்குப் போங்கள். அங்கே பௌதிக நூல்களையும் நாவல்களையும் கடைக்கார அண்ணர் வேண்டுமென்றே கலந்து அடுக்கியிருக்கிறார். உள்ளே கொப்பித்தாள் துண்டுகளில் பென்சிலால் ஆண்டு எழுதி வைத்திருப்பார். காலம் கிளை கிளையாகப் பிரியும், ஆர்ஜென்ரீன எழுத்தாளர் போர்ஹெஸின் கதையில் '1941' என்று ஒரு துண்டு. பக்கத்துக் குவாண்டம் நூலில், ஒவ்வொரு சாத்தியமும் தனித்தனி உலகமாகப் பிரிகிறது என்னும் பௌதிகவியலாளர் எவரெற்றின் பல உலகக் கருத்து வரும் இடத்தில் '1957'. கதை முந்திவிட்டது!

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். நாலு விஞ்ஞானச் சொல்லைத் தூவிய கதைகளில் எனக்கு ஆர்வமில்லை. கதை சொல்லும் முறையே மாறியிருக்க வேண்டும். அண்ணர் "இதை வாசிச்சுப் பாருங்கோ சேர்" என்று எடுத்துத் தந்த, ஆங்கில எழுத்தாளர் லோறன்ஸ் டறலின் அலெக்சாந்திரியா நாவல்கள் (1957-60) அப்படிப்பட்டவை. நான்கு நாவல்கள். முதல் மூன்றும் ஒரே காலத்துச் சம்பவங்களையே வேறு வேறு பக்கத்திலிருந்து சொல்கின்றன. நான்காவதில்தான் காலம் நகர்கிறது. வெளிக்கு மூன்று பரிமாணம், காலத்துக்கு ஒன்று என்று ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கையிலிருந்து டறல் எடுத்த கணக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். ஐன்ஸ்ரைன் 1905இல் சொன்னது 'ஆளாளுக்கு ஓர் உண்மை' என்பதல்ல. ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே. அதனால்தான் இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பதில் பார்ப்பவர்கள் வேறுபடுகிறார்கள். டறல் இதைத் தளர்வாகத்தான் எடுத்துக்கொண்டார். ஆனாலும் அந்த வடிவம் என்னை விடவில்லை. 2009 இடப்பெயர்வை எங்கள் வீட்டில் அம்மா சொல்வது ஒன்று, அண்ணா சொல்வது இன்னொன்று. ஒரே பங்கர், ஒரே இரவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத வன்னியில் யாராவது முன்வர வேண்டும்.

குறைகளும் உண்டு. பெரும்பாலானவை ஆங்கில நூல்கள், தமிழில் மிகக் குறைவு. இந்தியப் பதிப்புகளின் விலை கையைக் கடிக்கும். தகரக் கூரை, மத்தியானத்தில் வெக்கை தாங்காது, பின்னேரம் போங்கள். ஜேர்மன் பௌதிகவியலாளர் ஹைசன்பேர்க் 1941இல் டென்மார்க் பௌதிகவியலாளர் நீல்ஸ் போர் என்பவரைச் சந்தித்ததைப் பற்றிய 'கொப்பன்ஹேகன்' நாடகம் ஒரு பிரதிதான் இருந்தது, அதை நான் வாங்கிவிட்டேன். இன்னொன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.