ஃபிங் ஆப்: உங்கள் வைஃபையில் யாரெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

வீட்டு வைஃபையில் இருந்தபடி ஃபிங் ஆப்பில் ஸ்கேன் கொடுத்தால், இணைந்திருக்கும் கருவிகளின் ஐபி (நெட்வொர்க்கில் அதற்குக் கிடைத்த எண்), தயாரிப்பாளர் பெயர், சில போன்களில் மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) எல்லாம் வரிசையாக வந்துவிடும். டிவி, போன், சிசிடிவி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள். மிச்சம் நிற்பதுதான் சந்தேகக் கேஸ். உடனே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் நிஜ மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும். அதனால் சொந்த போனே அடையாளம் தெரியாமல் நிற்கும். வீட்டிலுள்ள மற்ற போன்களில் ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் குட்டு உடைந்துவிடும்.

கண்டுபிடிக்க இந்த இலவச ஆப் போதும். விரட்டுவது ரவுட்டரில்தான். மேக் முகவரியைத் தடுப்பது வீண்வேலை, வேறு முகவரியில் திரும்பி வருவார்கள். ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை பிரவுசரில் திறந்து அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டு இல்லாமலே பட்டன் அல்லது பின் மூலம் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள், அதன் 8 இலக்க பின், பழைய ரவுட்டர்களில் அதிகபட்சம் 11,000 முயற்சியில் சிக்கிவிடும். பிறகு வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று வைத்து, வைஃபைக்கு 12 எழுத்துக்குக் குறையாத புது பாஸ்வேர்டு. ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருந்தால், இரண்டிலும் மாற்ற வேண்டும். பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேட்டு வருபவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க், அதாவது விருந்தினருக்கான தனி வைஃபை. பாஸ்வேர்டை க்யூஆர் கோடாகக் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான்!