வாடகைதாரரோடு விற்பனைக்கு வரும் கடையா? அந்த வாடகை உண்மையானதா என்று பாருங்கள்

கடை வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். என்னிடம் கடையை விற்றவரும் நடுவில் நின்ற புரோக்கரும் சேர்ந்து செய்த வேலை, வேறு யாருக்கும் நடக்கக்கூடாது.

"ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார், முதல் மாதத்திலிருந்தே வாடகை வரும்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். வாடகை நன்றாகவே இருந்தது. வங்கிக் கணக்கிலும் மாதாமாதம் அந்தத் தொகை வந்திருந்தது. புரோக்கர் அழைத்து வந்த மதிப்பீட்டாளர் ஒப்பந்தத்தில் இருந்த வாடகையை அப்படியே எடுத்து விலை போட்டார். பக்கத்துக் கடைகளின் வாடகையைப் பற்றி அவருடைய அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

லாக்-இன் காலம் (இத்தனை மாதத்துக்குக் காலி செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் காலம்) முடிந்த கையோடு வாடகைதாரர் காலி செய்வதாகக் கடிதம் கொடுத்தார். சாவியை ஒப்படைக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்: "பழைய ஓனர் மாசாமாசம் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார் சார். அது நின்னதும் எனக்குக் கட்டுப்படியாகல." அதற்கு ஒப்பந்தத்தோடு சேராத தனிக் கடிதம் ஒன்று இருந்திருக்கிறது. எனக்கு யாரும் அதைக் காட்டவில்லை.

இதில் விற்பவருக்கு என்ன லாபம் என்று தோன்றலாம். கடையின் விலையை வருட வாடகையை வைத்துத்தான் போடுகிறார்கள். மாத வாடகை 100 என்றால் வருடத்துக்கு 1,200. 8 சதவீத வருமானம் எதிர்பார்த்து வாங்கினால் விலை 15,000. உண்மையான வாடகை 70தான் என்றால் வருடத்துக்கு 840, விலை 10,500. மாதம் 30 வீதம் 18 மாதம் திருப்பிக் கொடுத்தாலும் அவருக்குச் செலவு 540தான். விலையில் கூடுதலாகக் கிடைப்பது 4,500! பணத்தைத் திருப்பித்தான் தர வேண்டும் என்றில்லை. சில மாத வாடகையைத் தள்ளுபடி செய்யலாம், கடையின் உள் அலங்காரச் செலவை ஏற்கலாம், தன் உறவினரையே வாடகைதாரராக உட்கார வைக்கலாம். கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

புதிதாக வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பழைய வாடகையைவிட மிகக் குறைவாகவே கேட்டார்கள். காலியாகக் கிடந்த மாதங்களில் வரியும் பராமரிப்புக் கட்டணமும் என் தலையில் விழுந்தன. அதோடு, வாடகையில் பராமரிப்பும் அடக்கமா, தனியா என்பதையும் பாருங்கள். அடக்கம் என்றால் அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் வருமானம்.

வாடகைதாரரை, புரோக்கர் பக்கத்தில் இல்லாதபோது சந்தித்துப் பேசுங்கள். வியாபாரம் எப்படிப் போகிறது, லாக்-இன் முடிந்த பிறகும் இருப்பாரா என்று கேளுங்கள். அதே வரிசையில் சமீபத்தில் வாடகைக்குப் போன கடைகளை விசாரியுங்கள். அடுத்து வருபவர் அந்த வாடகையைத்தான் தருவார், உங்கள் விலையையும் அதிலிருந்துதான் போட வேண்டும். மதிப்பீட்டாளரை நீங்களே தேடிப் பிடித்து, கட்டணத்தையும் நீங்களே கொடுங்கள்.

அப்புறம், விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: "இந்த வாடகை ஒப்பந்தத்தைத் தவிர வாடகைதாரரோடு வேறு எந்த ஏற்பாடும், சலுகையும், கடிதமும் இல்லை, இருந்தால் நஷ்டத்தை விற்பவரே ஈடுகட்ட வேண்டும்." வாடகைதாரரிடமும் இதையே தனியாக எழுதி வாங்குங்கள். இரண்டும் கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.