பங்காளி வீட்டுக்கு வைஃபை கேமராவா, வயர் கேமராவா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வீட்டில் கேமரா மாட்டி முடித்த அன்று, ராத்திரியில் படம் எப்படித் தெரியும் என்று மாட்டியவரிடம் கேட்டேன். காட்டுகிறேன் என்று செல்போனை எடுத்தார். ஆப்பைத் திறந்ததும் வீடுகளின் பட்டியல் வந்தது; 40க்குக் குறையாது. எங்கள் வீட்டைத் தேடித் தள்ளிக்கொண்டே போனவரின் விரல் வேறொன்றில் பட்டுவிட்டது. ஏதோ ஒரு வீட்டின் வளவு, அதாவது நடுமுற்றம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஓர் ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலையில் ஈரத்துண்டு. "இது வேற பார்ட்டிண்ணே" என்று சாதாரணமாக மூடிவிட்டு எங்கள் முகப்பைக் காட்டினார்.

பழைய பதிவு என்றால்கூட மனம் ஆறும். அந்த நிமிடம் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது அது.

படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டியான எங்கள் டிவிஆருக்கு என்ன பாஸ்வேர்டு என்று கேட்டேன். அவர் கடைப் பெயரும் 123ம். எல்லா வீட்டுக்கும் அதேதானாம். "மறந்துட்டா எனக்குத்தானே போன் போடுவீங்க?" என்றார். கேட்கிறபோது நியாயமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் யோசித்து அந்தப் பெட்டியைக் கழற்றினேன். அப்புறம் வைஃபை, வயர் இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்து வயரில் வந்து நின்றேன்.

பூட்டிய வீட்டுக்குக் கேமரா எதற்கு என்று இந்தப் பக்கத்தில் யாரும் இப்போது கேட்பதில்லை. எங்கள் வீட்டின் 7 பங்கில் 5 பங்கு சென்னை, பெங்களூரு, மலேசியா என்று போய்விட்டது. நிலைக்கதவு, தேக்குத் தூண், எனாமல் சாமான் எதுவானாலும் வாங்க ஆள் இருக்கிறது. படத் தெளிவிலும் பேச ஒன்றுமில்லை. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. விலையில் வைஃபைக்குத்தான் வெற்றி. 4 கேமரா 10,000 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. வயர், பெட்டி, ஹார்டு டிஸ்க், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 36,000 ஆனது.

வைஃபை தடுக்கி விழுந்த முதல் இடம் சுவர். முன் தெருவில் வாசல், பின் தெருவில் கொல்லைக் கதவு, நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். முகப்பில் இருக்கும் ரௌட்டரின் சிக்னல் இரண்டாம் கட்டோடு செத்துப்போகிறது. திருட வருகிறவனோ பின் தெருவில்தான் வருவான். வயரில் இந்தத் தொல்லை இல்லை. பிஓஇ என்றால் ஒரே கேபிளில் கரண்டும் போகும், படமும் வரும். 100 மீட்டர் வரை தாங்கும்.

ஆனால் சுவருக்காக நான் மாறவில்லை. கூட இரண்டு வைஃபை பெட்டி வைத்துச் சமாளித்திருக்கலாம். என்னை மாற்றியது பாஸ்வேர்டைக் கட்டிக் காக்கிற பாடு. வீட்டின் பெரிய இரும்புச் சாவி இப்போது எந்தப் பங்காளியிடம் இருக்கிறது என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கேமராவின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று, மாட்டியவரின் செல்போனை எட்டிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது.

இணையத்துக்குத் திறந்து வைத்த கேமராவை யாராவது மெனக்கெட்டுத் தேட வேண்டும் என்பதே இல்லை. ஷோடான் என்ற தேடுபொறி 2009லிருந்து இணையத்தில் தெரியும் கருவிகளைப் பட்டியல் போடுகிறது. 2016ல் மிராய் என்ற நச்சு நிரல் செய்ததெல்லாம், கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகள் அறுபதுக்குச் சற்று மேல் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேமராவாக, டிவிஆராகக் கதவைத் தட்டியதுதான். திறந்தவற்றைப் படை சேர்த்து அந்த அக்டோபர் 21ல், இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தின் மேல் ஏவினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. யார் வீட்டு முகப்புக் கேமராவோ அமெரிக்காவைத் தட்டியிருக்கிறது, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் வெளியே வந்த ராஜ்கோட் மகப்பேறு மருத்துவமனை விவகாரம் இதைவிடக் கொடுமை. பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் படங்கள் டெலிகிராமில் விலைக்குப் போயின. அங்கே இருந்த பாஸ்வேர்டு அட்மின்123 என்று செய்தி வந்தது.

எங்கள் பழைய டிவிஆரில் ரௌட்டரைத் திறந்து விடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலையெல்லாம் இல்லை. ஊரில் கிடைக்கும் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராக வந்து சேரும் இணைய முகவரி, கிடையாது என்பதால், பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து கம்பெனி சர்வர் வழியாகப் பார்க்க வைத்துவிடுகிறார்கள். பாதுகாப்புதானே என்று நினைத்தேன். பெட்டியின் மூடிமேல் ஸ்டிக்கர், பக்கத்திலேயே மார்க்கர் பேனாவில் பாஸ்வேர்டு. வெள்ளையடிக்க வந்தவர்கூட ஒரு படம் எடுத்தால் போதும், ஆயுசுக்கும் எங்கள் முகப்பைப் பார்க்கலாம்.

வைஃபை கேமரா இந்தக் குறையில் பாதியைத் தீர்க்கிறது. அதை மறைக்கக் கூடாது. நமது கணக்கு நம் பெயரில் இருக்கும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைக்கலாம், சாஃப்ட்வேர் திருத்தங்கள் பெரும்பாலும் தாமாகவே ஏறிக்கொள்ளும். 2025 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்பனைக்கு வரும் இணையக் கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயமாகியிருக்கிறது. நகரத்தில் ஒற்றைக் குடும்பமாக, இரண்டு படுக்கையறை வீட்டில் இருப்பவருக்கு நான் வயரைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மீதிப் பாதிதான் எனக்கு உறுத்தியது. நம் சாவி எவ்வளவு கெட்டியானாலும் மூலச்சாவி கம்பெனியிடம். 2021 மார்ச்சில் வெர்காடா நிறுவனத்தில் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர் அட்மின் கணக்கு ஒன்று அந்நியர் கைக்குப் போனதில் 1,50,000 கேமராக்கள் திறந்துகொண்டன. 2022ல், எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று சொல்லி விற்ற யூஃபி கேமராக்கள் சிறுபடங்களைச் சர்வருக்கு அனுப்பியது தெரியவந்தது. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் கோளாறால் ஏறக்குறைய 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராப் படங்கள் தெரிந்தன. இது எதிலுமே வீட்டுக்காரர் மேல் தப்பில்லை.

இதோடு பங்காளிக் கணக்கு வேறு. 7 பங்குக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தால், ஒருவர் போனை விற்றாலும் எல்லோரும் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "பாஸ்வேர்டு என்னப்பா?" என்று மாதத்துக்கு ஒருவர் கேட்பார், இன்னொருவர் அங்கேயே போட்டுவிடுவார். கணக்கைப் பகிரும் வசதியைச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். இருவரைத் தவிர யாரும் அதைச் செய்யவில்லை.

நான் இப்போது வைத்திருப்பது இப்படி. 4 கேமராவும், வயர் கேமராக்களின் படத்தைப் பதியும் என்விஆர் பெட்டியின் முதுகிலுள்ள பிஓஇ துளைகளில் நேராகச் செருகியிருக்கின்றன. அதனால் அவை பெட்டிக்குள் தனி வலையில் அடங்கிக் கிடக்கின்றன, இணையத்தை அவை தொடுவதே இல்லை. பெட்டியில், கம்பெனி சர்வர் வழியாகப் படம் காட்டும் பி2பி, ரௌட்டரைத் தானே திறந்துகொள்ளும் யுபிஎன்பி இரண்டையும் அணைத்தாயிற்று. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் எடுத்தால் நாளுக்கு 21 ஜிபி சொச்சம். 4 கேமராவுக்கு 2 டிபி டிஸ்க் 23 நாள் தாங்குகிறது. வெளியூரிலிருந்து பார்க்க, பக்கத்தில் ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி ஒன்றை வைத்து, அதில் நம் கருவிகளுக்கு மட்டும் தனிவழி போடும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். பொது ஐபி இல்லாமலே அது வேலை செய்யும். அதுவும் ஒரு வெளிக் கம்பெனிதான். ஆனால் படம் இரு முனைக்கும் நடுவே பூட்டிய நிலையில் போவதால் அவர்களால் பார்க்க முடியாது. ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி. மலேசியா அண்ணன் போனைத் தொலைத்தபோது அந்த ஒன்றை மட்டும் நீக்கினேன், மற்றவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பெட்டிக்குள்ளும் ஆளுக்கொரு பெயர், பார்க்க மட்டும் அனுமதி.

2021ல் ஹிக்விஷன் கருவிகளில், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே புக வழி தரும் ஓட்டை ஒன்று அம்பலமானது. திருத்தம் செப்டம்பரிலேயே வந்தும் ஏற்றாமல் விட்டவர்கள் ஏராளம். நானும் அந்த ரகம்தான். 3 மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போதுதான் பெட்டிக்குத் திருத்தம் ஏற்றுகிறேன். வெளியிலிருந்து பெட்டிக்கு வாசலே இல்லாததால் இந்தச் சோம்பேறித்தனம் இதுவரை கழுத்தை நெரிக்கவில்லை. வைஃபையை விட்டு வயருக்கு நான் வந்ததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. பராமரிப்பு முழுக்க என் தலையில். யுபிஎஸ் கைவிட்ட ஒரு நாள், கரண்டு வந்த பிறகும் ராஸ்பெர்ரி பை எழுந்திருக்கவில்லை. காவலுக்கு இருப்பவரை போனில் வைத்துக்கொண்டு எந்த வயரைப் பிடுங்குவது என்று சொல்லி முடிக்க அரை மணி ஆனது. இந்த ஏற்பாட்டுக்கு 14 மாதம்தான் வயது. ஒரு ஐப்பசி மழையைத்தான் பார்த்திருக்கிறது, இடி எதுவும் பக்கத்தில் விழவில்லை. ஆகவே உறுதியாக உழைக்கும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

வளவிலும் இரண்டாம் கட்டிலும் கேமரா வைக்கவில்லை. முகப்பு, இரண்டு பக்கச் சந்து, கொல்லைக் கதவு, அவ்வளவுதான். திருடன் கதவைத் தாண்டித்தானே வளவுக்கு வர வேண்டும்.

சித்தப்பா மட்டும் கட்சி மாறவில்லை. "ஒரு தட்டுத் தட்டுனா படம் வரணும், உன் பூட்டெல்லாம் எனக்கு எதுக்கு?" என்று தன் பங்கு அறை வாசலில் வைஃபை கேமரா ஒன்றை வைத்திருக்கிறார். அதை ரௌட்டரின் விருந்தினர் வலையில் ஒதுக்கினேன். ஆனால் அது பார்ப்பது வளவைத்தான். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் போன தடவை எல்லோரும் கூடியிருந்தபோது, குளித்துவிட்டு வந்த அப்பத்தா அதை ஏதோ கொக்கி என்று நினைத்து ஈரத்துண்டைக் காயப் போட்டார். நானும் சொல்லவில்லை.