35 டாலர் அடாப்டரும் தாராவி அண்ணாச்சியும்

மும்பையில் இறங்கிய முதல் இரவு, மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் நான்கு விழுக்காடுதான் இருந்தது. சயானில் இருக்கும் அக்கா சுவரைப் பார்த்துவிட்டு, "சுவிட்சைப் போடவே இல்லையே" என்று சிரித்தாள். கனடாவில் பிளக்கைச் செருகினால் போதும், சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் கிடையாது. விளக்குச் சுவிட்சையும் அங்கே மேலே தள்ள வேண்டும், இங்கே கீழே. இந்த வீட்டில் வளர்ந்த விரல்தான், பதினெட்டு ஆண்டுகளில் எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

சுவிட்சைப் போட்ட பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. டொராண்டோ விமான நிலையத்தில் 35 டாலர் கொடுத்து வாங்கிய அடாப்டர் அது. எல்லா நாட்டுக்கும் இது ஒன்றே போதும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து நீண்ட இரண்டு பின்களும் ஐரோப்பிய அளவு, 4 மி.மீ. தடிமன். நம் ஊர் 6 ஆம்பியர் பிளக்கின் பின்கள் 5 மி.மீ.க்குச் சற்று மேல். சார்ஜரின் கனம் வேறு சேர்ந்துகொள்ள, அடாப்டர் சுவரில் தலை தொங்கி நின்றது. யாராவது பக்கத்தில் நடந்தால் சடசடவென்று பொறி. கணினியின் உலோக மூடியில் கை வைத்தாலோ எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பு.

குளிரூட்டப்பட்ட ஒரு சேவை மையத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததற்கு, சார்ஜரையே மாற்ற வேண்டும், எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்ற பதில் கிடைத்தது. எந்தச் சுவரில் எப்படிச் செருகினேன் என்று யாரும் கேட்கவில்லை.

அத்தான்தான் தாராவி தொண்ணூறு அடி சாலையில் உள்ள ஒரு மின்சாமான் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம், எல்லாருக்கும் அண்ணாச்சி. கணினியைத் தன் மேசையில் அதே அடாப்டரோடு செருகச் சொன்னார். டெஸ்டரை மூடியில் வைத்தார். மங்கலாக எரிந்தது.

"சார்ஜர் நல்ல சார்ஜர்தான் தம்பி. எர்த்தைத்தான் நீங்கள் துண்டித்துவிட்டீர்கள்" என்றார். மின் இரைச்சலை அடக்க சார்ஜருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாகத் துளி மின்சாரம் கணினியின் உடம்புக்குக் கசியுமாம். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். என் கனடா பிளக்கில் எர்த் பின் உண்டு, ஆனால் அடாப்டர் சுவருக்குக் காட்டும் முகத்தில் இரண்டே பின்.

பிறகு சார்ஜரைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார்: 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். கனடாவின் 120 வோல்ட்டும் இங்குள்ள 230 வோல்ட்டும் அதற்கு ஒன்றுதான். மாற வேண்டியது சுவரில் நுழையும் முனை மட்டும். சார்ஜரிலிருந்து கனடா வயரை உருவிவிட்டு, மூன்று உருண்டைப் பின்னும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள உள்ளூர் வயரை அங்கேயே செருகினார். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. இந்த முறை டெஸ்டர் எரியவில்லை. "பழைய கட்டடமானால் எர்த் துளை வெறும் அழகுக்கு இருக்கும், வீட்டிலும் சோதித்துப் பாருங்கள்" என்றார். நல்லவேளை, அக்கா வீட்டில் எர்த் உயிரோடுதான் இருந்தது.

அவர் கடையில் அடாப்டரே இல்லாமல் இல்லை. துபாய்க்கும் குவைத்துக்கும் போகிறவர்களுக்காக, சதுரப் பின் உள்ள பிரிட்டிஷ் வகையை ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார்.

வயர் மாற்றும் வித்தை எல்லாச் சாமானுக்கும் பலிக்காது. என் மகளின் முடி நேராக்கும் கருவியில் 120 வோல்ட் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. அதை அவள் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. 230 வோல்ட்டில் சூடாகும் கம்பிச்சுருள் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சக்தியை இழுக்கும். அரை நிமிடத்தில் புகை, அக்காவின் பூஜையறைவரை நாற்றம்.

உள்ளூர் வயரைச் சுருட்டி, என் பெயரை ஒட்டி, அக்காவின் அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அக்கா மகன் செப்டம்பரில் படிக்க டொராண்டோ வருகிறான். அவனுக்கு ஒரு கனடா வயர் வாங்கி வைக்கிறேன் என்று சொன்னேன்.

"வேண்டாம் மாமா, எல்லா நாட்டுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்றை நேற்றே ஆர்டர் செய்துவிட்டேன்" என்றான்.